ஓசைக்குக் கொடுத்த விலை

பிறர் பிழையை எடுத்துக்காட்டப் புகுந்தால் பேனா தானே ஓடும். தன் பிழையை எழுதப் புகுந்தால் மை உலர்ந்துவிடும். ஆயினும் இதனை எழுதியே தீர்வது என்று நாம் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நமது பிழையொன்றால் ஒரு சிறுமிக்குத் தீங்கு நேரவிருந்தது. அது நேராமற் போனது நமது சாமர்த்தியத்தால் அன்று.

நாம் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்துக் காலங் கழிப்பவர்கள். விடியலில் பெரட்டுக் கணக்கு, நண்பகலில் குலை நிறுவை, மாலையில் சம்பள ஏடு. ஆங்கிலவழிக் கல்வி பெற்றிருப்பதால், தோட்டத்தில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும், எந்த இயந்திரத்தின் விளக்க நூல் வந்தாலும், அது நமது மேசைக்கே வந்து சேரும். படித்துப் பொருள் சொல்வோம். சொற்களைப் படிக்கத் தெரிந்தால் பொருளையே அறிந்ததாகிவிடும் என்னும் மயக்கம் நாளடைவில் நமக்கு உண்டாயிற்று. அந்த மயக்கமே இக்கதையின் முதற்காரணம்.

நம் தமக்கையாரும் அத்தானும் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து டெட்ராயிட் நகரை அடுத்த ஓர் ஊரில் வாழ்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு அருகே உட்வர்டு அவெனியூ என்னும் பெருஞ்சாலை செல்கிறது. மோட்டார் வண்டியில் பற்றுடையோர்க்கு அஃதொரு யாத்திரைத் தலம் போன்றது. 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மைல் தூரம் கான்கிரீட் இட்டுச் செப்பனிடப்பட்ட சாலை அது. 1960களில் அவ்வட்டாரத்து வாலிபர்கள் இரவு நேரங்களில் விளக்குக்கு விளக்கு வண்டிகளைப் பந்தயம் விட்டதும் அங்கேதான். 1995 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்து மூன்றாம் சனிக்கிழமையன்று பழைய வண்டிகளின் பெரும் பவனி அச்சாலையில் நடைபெற்று வருகிறது.

அப்பவனியின் நாயகர்கள் ‘மசில் கார்’ எனப்படும் வண்டிகள். நடுத்தர அளவான குடும்ப வண்டியொன்றில் பெரிய வண்டிக்குரிய எஞ்சினை இட்டு விற்றால் என்ன என்ற யோசனையில் பிறந்தவை அவை. 1964இல் பாண்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் வண்டியில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விற்றதை இவ்வகையின் தொடக்கமென்று பலரும் கொள்வர். 1970இல் ஷெவர்லே நிறுவனம் தன் ஷெவெல் வண்டியில் 450 குதிரைத்திறன் என்று குறிக்கப்பட்ட 454 கன அங்குல எஞ்சினைக்கூட அளித்தது.

அத்தான் 2021இல் வாங்கியது ஒரு 1970ஆம் ஆண்டு ஷெவெல். ஆனால் பேர்பெற்ற அந்த 454 அன்று. 350 கன அங்குல எஞ்சினும், தானே மாறும் கியரும் உடைய சாதாரண வண்டி. கடனின்றி வாங்க அவரால் இயன்றது அதுவே. மறு ஆண்டு வசந்தத்தில் அவர் நமக்கு எழுதினார்: “மச்சான், எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். கேம் ஷாப்ட் தேய்ந்திருக்கிறது. புதிது வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் நூறு வகை உள்ளன, எல்லாம் எண்கள். எண்களில் நீர் வல்லவர். பார்த்துச் சொல்லும்.” அதற்குக் கீழே மூன்று வரிகள் எழுதியிருந்தார். ஞாயிறுதோறும் அக்காளையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்வதென்றும், ஆகஸ்டில் பவனிக்குப் போவதென்றும், பின் அச்சு முதலியவற்றை மாற்றக் கையில் பணமில்லை என்றும் அவ்வரிகள் சொல்லின. அவற்றை நாம் படித்தோம். படித்ததோடு சரி.

கேம் ஷாப்ட் என்பது யாது? எஞ்சின் மூச்சு விடுவது வால்வுகளின் வழியே. ஒரு வழி காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். மற்றொரு வழி எரிந்த புகை வெளியே போகும். அவ்வழிகளை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று கட்டளையிடும் தண்டே கேம் ஷாப்ட். அந்த 350 எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்களுக்கும் சேர்த்துத் தண்டு ஒன்றே. அதன்மேல் முட்டை வடிவான முகடுகள் பதினாறு. கிராங்குத் தண்டு இரு முறை சுழல, இது ஒரு முறை சுழலும். ஒவ்வொரு முகடும் டாப்பெட்டை மேலே தள்ள, டாப்பெட் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ராக்கரை அசைக்க, ராக்கர் வால்வைத் திறக்கும். முகட்டின் வடிவம் சற்றே மாறினால் எஞ்சினின் சுபாவமே மாறிவிடும்.

வால்வு அதிக நேரம் திறந்திருந்தால், எஞ்சின் மிகுந்த வேகத்தில் சுழலும்போது சிலிண்டர் நன்றாக நிரம்பும், குதிரைத்திறன் ஏறும். அதே எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, உள்ளே வந்த காற்றிற் சிறிது திரும்பி வெளியேறும்; புகையும் புதுக்காற்றும் ஒன்றோடொன்று கலக்கும். அதனால் நின்ற நிலையில் எஞ்சின் சீராக ஓடாமல் விக்கி விக்கி ஓடும். அந்த விக்கலின் ஓசைதான் பலருடைய உள்ளத்தைக் கொள்ளைகொள்வது. பெரிய விலங்கொன்று உறுமிக்கொண்டு நிற்பது போன்ற ஓசை அது.

நம் உள்ளத்தையும் அதுவே கொள்ளைகொண்டது. இரவில் விலைப்பட்டியலைப் புரட்டியவாறே தொலைபேசியில் காணொளிகளைப் பார்த்தோம். பெரிய கேம் பூட்டிய வண்டியொன்று நின்ற இடத்தில் நின்று உறுமுவதை எத்தனை முறை கேட்டோம் என்று கணக்கு வைக்கவில்லை. மற்றதற்கெல்லாம் கணக்கு வைக்கும் நாம். பின்னர் பட்டியலில் குதிரைத்திறன் மிகுந்த வரிசையிற் கண்ணை ஓட்டி ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். உள்வால்வு 284 பாகை, வெளிவால்வு 296 பாகை திறந்திருப்பது. வால்வு உயர்வு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். “இதுவே தக்கது” என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வியாக்கியானம் எழுதி அனுப்பினோம். நம் சொல்லை நம்பி, அத்தான் அதை வாங்கிப் பூட்டினார்.

ஓசை வந்தது. அத்தான் அதைப் பதிவு செய்து அனுப்பினார். நாம் அலுவலகத்தில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிப் பெருமை கொண்டோம். “இழுவை முன்னைவிடக் குறைந்தாற்போல் இருக்கிறது” என்று அவர் ஒரு முறை எழுதியதற்கு, “பழகப் பழகச் சரியாகிவிடும்” என்று பதில் எழுதினோம். எந்த ஆதாரத்தைக் கொண்டு அவ்வாறு எழுதினோம் என்று இன்று எவரேனும் கேட்டால் நம்மிடம் விடையில்லை.

2022 ஆகஸ்டு 20ஆம் நாள் பவனி. வண்டிகள் எறும்பு வரிசையாய் ஊர்ந்தன. முன்னிருக்கையில் தமக்கையார், பின்னிருக்கையில் நம் மருமகள், ஒன்பது வயதுக் குழந்தை. அக்கால வண்டியாதலால் பின்னால் இடுப்பு வார் மட்டுமே. எஞ்சின் அணைந்துவிடாதிருக்க அத்தான் அதன் நிற்குநிலை வேகத்தை உயர்த்தி வைத்திருந்தார். ஆதலால் கியர் விழுந்ததும் வண்டி தானே முன்னே உந்திற்று. அதை அடக்க நொடிக்கொரு முறை பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று. திடீரென்று பிரேக் மிதி கல்லாயிற்று. இரு காலாலும் ஊன்றி மிதித்தும் வண்டி நிற்கவில்லை. முன்னே நின்ற வண்டியின் பம்பரில் போய் முட்டியது. ஊர்ந்து சென்ற வேகமாதலால் எவருக்கும் காயமில்லை. குழந்தை மட்டும் நெடுநேரம் அழுதாள். இந்த மிதி ஒரு சரிவில், பள்ளிப்பிள்ளைகள் கடக்கும் சந்தியில் கல்லாகியிருந்தால் என்னும் நினைவு வந்தபோது, இங்கே நாற்காலியில் அமர்ந்திருந்த நமக்கு வியர்த்தது.

முன் வண்டியிலிருந்து முதியவர் ஒருவர் இறங்கினார். மோட்டார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவராம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஷெவெலின் அருகே வந்து தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் எஞ்சினைக் கேட்டார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். “பின் அச்சின் விகிதம் என்ன? கன்வெர்ட்டரை மாற்றினீர்களா? இந்த வண்டியை வாரத்தில் எங்கே ஓட்டுகிறீர்கள்?” அத்தான் விடை சொன்னார். முதியவர் பின்னிருக்கையில் அழுதுகொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். “அப்படியானால் இந்தக் கேமை உங்களுக்கு யார் சொன்னது?” என்றார்.

அத்தான் நம் பெயரைச் சொல்லவில்லையாம். அன்றிரவு தமக்கையார் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னார். “தம்பி, உன்மேல் குறையில்லை” என்றார். அந்தச் சொல்லே நம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் முதல், செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்யத் தொடங்கினோம். முதியவர் கேட்ட மூன்று கேள்விகளே அதற்கு வழிகாட்டின. அந்தக் கணக்கை ஈண்டு விரித்துரைப்போம். பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கேனும் பயன்படலாம்.

முதலாவது, பின் அச்சு. அத்தானின் வண்டியில் அதன் விகிதம் 2.73; சக்கரத்தின் உயரம் ஏறக்குறைய 26 அங்குலம். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும்போது அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 2,100 சுற்றளவே சுழலும். நாம் தெரிந்த கேமோ 2,300 சுற்றுக்கு மேலேதான் உயிர்பெற்று 6,500 வரை வேலை செய்வது. நெடுஞ்சாலையின் முழு வேகத்திலும் அந்தக் கேம் உறங்கிக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள். பட்டியலில் கண்ட குதிரைத்திறன் பொய்யன்று. ஆனால் அத்தான் ஒருநாளும் செல்லாத இடத்தில் அது இருந்தது.

இரண்டாவது, கன்வெர்ட்டர். தானே மாறும் கியருக்கும் எஞ்சினுக்கும் இடையே எண்ணெயால் திறனைக் கடத்துவது அது. வண்டி நிற்கையில் எஞ்சினை எத்தனை சுற்றுவரை விட்டுக்கொடுத்து ஓடவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுண்டு. ஆலையிலிருந்து வந்த கன்வெர்ட்டருக்கு அவ்வளவு குறைவு. பெரிய கேம் உயிர்பெறும் வரை அது காத்திராது. எனவே கிளம்பும் நேரத்திலும் இழுவையில்லை.

மூன்றாவது, அமுக்கம். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 9க்கு 1. ஆனால் உள்வால்வு மூடும் வரையில் அமுக்கம் தொடங்காது. பெரிய கேமில் அந்த வால்வு, பிஸ்டன் அடிநிலையைக் கடந்து கிராங்கு 68 பாகை சுழன்ற பின்பே மூடும். பிஸ்டனின் வீச்சு 3.48 அங்குலம், அதில் மூடிய பின் எஞ்சுவது 2.63 அங்குலந்தான். வாய்ப்பாடு போட்டுப் பார்த்தால் ஒன்பது ஏழாகிவிடுகிறது. ஏட்டில் ஒன்பது வரவு, கையில் ஏழு! கணக்கெழுதுபவராகிய நாம் இதைக் காணாது விட்டோமே என்று நாணினோம்.

நான்காவது, வெற்றிடம். அக்கால பிரேக்குக்குத் துணைபுரிவது எஞ்சின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடமே. நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின் நிற்குநிலையில் பாதரசக் கணக்கில் 18 அங்குலம்போல் காட்டும். உள்வால்வும் வெளிவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் பாகை மிகுந்தால் அது குறையும். நம் கேமில் அவ்வளவு 70 பாகை. அத்தான் அளவுகருவி வைத்துப் பார்த்தபோது கியர் விழுந்த நிலையில் ஒன்பதுக்கும் குறைவாகக் காட்டிற்று. பிரேக்கின் துணைக்கலத்தில் சேமித்திருப்பது இரண்டொரு மிதிக்குப் போதும். ஊர்ந்து செல்கையில் மிதி மேல் மிதி விழ, சேமிப்புத் தீர்ந்தது. வரவுக்கு மேற்பட்ட செலவு எங்கே கொண்டு விடும் என்பது சம்பள ஏடு எழுதும் நமக்குத் தெரியாததா?

ஐந்தாவது, அளக்கும் முறை. பட்டியல்களில் பெரிதாய் அச்சிடும் பாகை, டாப்பெட் எவ்வளவு உயர்ந்ததிலிருந்து எண்ணப்பட்டது என்பதில் செய்பவருக்குச் செய்பவர் வேறுபடுவர். ஒரு தோட்டத்தில் நீண்ட காம்போடு நிறுத்த குலையின் எடையையும், மற்றொன்றில் காம்பு நறுக்கி நிறுத்த எடையையும் ஒப்பிடுவது போன்றது அது. ஆதலின் 0.050 அங்குல உயர்விலிருந்து எண்ணிய பாகையை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுதல் முறை. அம்முறையில் நமது கேம் 240, 246 பாகை. ஆலையில் அவ்வெஞ்சினுக்கு வழக்கமாய் இட்டதோ இருநூறு பாகையை ஒட்டியது. எவ்வளவு தூரம் தாண்டிக் குதித்தோம் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பெரிய கேமே தீயது என்று சொல்ல வந்தோமல்லோம். 1967 முதல் 1969 வரை வந்த கேமரோ இசட் 28 வண்டியின் 302 கன அங்குல எஞ்சினில் ஷெவர்லே நிறுவனமே 254 பாகைக் கேமை இட்டது. ஆனால் அதனைத் தனியே விடவில்லை. 11க்கு 1 அமுக்கமும், கையால் மாற்றும் நான்கு கியரும், 3.73 பின் அச்சும் துணையாகக் கொடுத்தது. ஐந்து லிட்டருக்கு உட்பட்ட பந்தயத்துக்கென்று பிறந்த வண்டி அது. அங்கே அந்தக் கேம் பொருந்தும். துணைகளை விட்டு விட்டுக் கேமை மட்டும் எடுத்து ஏரிக்கரைக்குப் போகும் வண்டியில் வைத்தது நமது அறிவு.

இரண்டாம் முறை, பட்டியலைத் திறப்பதற்கு முன் அத்தானின் பழைய கடிதத்தைத் திறந்தோம். அந்த மூன்று வரிகளையும் ஒரு தாளின் தலையில் எழுதி வைத்துக்கொண்டோம். அவற்றுக்குப் பொருந்தாதவற்றை எல்லாம் அடித்துக்கொண்டே வந்தோம். நூறில் நாலைந்து எஞ்சின. அவற்றுள் தெரிந்தது 256, 268 பாகையுடையது, 0.050 அங்குலக் கணக்கில் 212, 218. உயர்வு 0.45 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரு வால்வும் ஒருங்கே திறப்பது 70இலிருந்து 42 பாகையாக இறங்கிற்று. உள்வால்வு 54 பாகையிலேயே மூடுவதால் ஏழாயிருந்த அமுக்கம் 7.8 ஆயிற்று. ஆயிரம் சுற்றிலேயே வேலை தொடங்கி 5,200 வரை செல்லக்கூடியது. பின் அச்சையும் மாற்ற வேண்டியதில்லை. கன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியதில்லை.

பூட்டும் விதத்தையும் இம்முறை முழுதும் படித்தோம். தட்டை டாப்பெட் உடைய கேமுக்குப் புது டாப்பெட்டுகளே போட வேண்டும். பழையதைப் போட்டால் முகடு தேய்ந்துவிடும். வால்வு ஸ்பிரிங்குகளும் கேமுக்கேற்றவையாய் இருத்தல் வேண்டும். முதன்முறை எஞ்சினைக் கிளப்பியதும் நிற்குநிலையில் ஓடவிடாது, உடனே 2,000 சுற்றுக்கு மேல் உயர்த்தி இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். ஏனெனில் கேமுக்கு எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் கிராங்குத் தண்டு சுழன்று தெறிப்பதால். மெதுவாய்ச் சுழன்றால் தெறிப்பது போதாது. எண்ணெயிலும் கவனம் வேண்டும். புது வண்டிகளில் புகையின் நஞ்சை நீக்கும் கருவி கெடாதிருக்க, துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த காப்புப்பொருளை இக்கால எண்ணெய்களில் குறைத்துவிட்டனர். தட்டை டாப்பெட்டுக்கு அது குறையக் கூடாது. ஆதலின் அது மிகுந்த எண்ணெயாகப் பார்த்து வாங்கச் சொன்னோம்.

செலவில் பாதியை நாம் அனுப்பினோம். அத்தான் மறுத்தார், “இது நம் மருமகளுக்கு” என்றதும் ஏற்றுக்கொண்டார்.

குளிர்காலத்தில் பூட்டினார். அளவுகருவி பதினாறு காட்டியது. எஞ்சினின் நிற்குநிலை வேகத்தையும் முன்போல் தணித்துவிட்டார். 2023 ஆகஸ்டில் மறுபடியும் பவனி. அன்றிரவு வந்த செய்தியில் குதிரைத்திறனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “தம்பி, இப்போது வண்டிக்குள் பேசினால் காது கேட்கிறது. குழந்தை பின்னால் உறங்கிவிட்டாள்” என்று தமக்கையார் எழுதியிருந்தார். அத்தான் அதன் கீழே, “சில வேளை அந்தப் பழைய ஓசை நினைவுக்கு வருகிறது, மச்சான்” என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

உண்மையைச் சொன்னால், நமக்கும் வருகிறது. அப்பதிவு இன்னும் நம் தொலைபேசியில் இருக்கிறது, அழிக்கவில்லை. கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம், அதன் பின்னே ஒரு குழந்தையின் அழுகையும் நம் செவியில் விழுகிறது.

அன்பர்களே! பிறர் நம்மை நம்பி யோசனை கேட்கும்போது, நாம் கற்றதைக் காட்டவே மனம் விரைகிறது. கேட்டவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய வரிகளைக் கண் தாண்டிச் சென்றுவிடுகிறது. இப்போது நமது மேசைக்கு யாரேனும் ஒரு விளக்க நூலைக் கொண்டுவந்தால், நூலை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, “இதை எங்கே, எதற்கு, யாரை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறீர்?” என்று முதலிற் கேட்கிறோம். அப்படிக் கேட்கக் கற்பித்தவர், முகமறியாத அந்த முதியவர்.